கருது

அம்பாசமுத்திரம் சார்பு நீதிமன்றத்தில்
பன்னிரண்டு வருடமாக மொழிபெயர்ப்பாளர் நான்.
ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் இறக்கி
அடியில் முத்திரை குத்தி அனுப்புவேன்.
வாழைக்குலை இறக்குவது போலத்தான்,
தோளில் கறை படும், வேறொன்றுமில்லை.

டீம் என்றொரு வினைச்சொல் உண்டு.
தட்டச்சர் மோசே தங்கதுரை
முதல் நாள் அதைக் காதில் வாங்கி
"எந்த டீம் சார், வீரவநல்லூரா?" என்றான்.
நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே டகரம்.
சிரித்துக்கொண்டே
'எனக் கருதப்படும்' என்று போடச் சொன்னேன்.
அன்றிலிருந்து அவன் விரல்களுக்கே தெரியும்.

அந்தச் சொல் யோசிப்பதில்லை. எடை போடுவதுமில்லை.
எடை போட வேண்டுமானால்
தராசின் ஒரு தட்டிலாவது பொருள் இருக்க வேண்டுமே.
இது, நடக்காததை நடந்ததாக வைத்துக்கொண்டு
மேற்கொண்டு போகிற சொல்.
வறண்ட வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதாக வைத்து
இறங்கிக் குளிக்கச் சொல்லும்.
ஒருத்தரும் நனைவதில்லை.
ஆனாலும் தலை துவட்டிக்கொண்டுதான் கரையேற வேண்டும்.

மாசியில் ஒரு கட்டு வந்தது.
பிரதிவாதி ஆவுடைத்தங்கம், க/பெ சொரிமுத்து,
பிரம்மதேசம் கீழத்தெரு.
அமீனா இரண்டு தடவை போயிருக்கிறார், வீடு பூட்டு.
மூன்றாம் தடவை கதவில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார்.
ஆகவே அழைப்பாணை
சார்வு செய்யப்பட்டதாகக் கருதப்படும்.
ஒருதலைத் தீர்ப்பு.
மூன்றேகால் செண்டு, ஒரு ஓட்டு வீடு, ஒரு முருங்கை.
மதியச் சோற்றுக்கு முன் முடித்துவிட்டேன்.

நகல் கைக்குப் போன பிறகு அவளே வந்தாள்.
பலகையில் என் பதவியைப் படித்து
தான் பேசுவதை ஐயாவுக்கு
எடுத்துச் சொல்கிற ஆள் நான் என்று
அவளாகக் கருதிக்கொண்டு.

"நான் எதையும் வாங்கவே இல்லையே சார்."
"கதவுல ஒட்டியிருக்குல்லா?"
"ஒட்டுனதை ஆடு தின்னுருக்கும். மைதாப் பசைல்லா."
"அந்நேரம் நீங்க எங்க போயிருந்திய?"
"கருது அறுக்கப் போயிருந்தேன்."

மோசேயின் விசைப்பலகை நின்றது.

அமீனா போனது கார் அறுப்பில்.
அவள் என் முன் நிற்பது பிசான அறுப்பில்.
முக்காடாகப் போட்ட துண்டில் இன்னும் சுணை,
கழுத்தைச் சொறிந்துகொண்டே பேசினாள்.
அவள் கருது அரிவாளுக்கு வளையும்.
பிடித்த பிடியிலேயே கனம் தெரியும்,
பதரானால் கை சொல்லிவிடும்.
என் கருது தாளில் விளைகிறது.
பால் பிடித்ததா என்று
யாரும் நசுக்கிப் பார்ப்பதில்லை.

தீர்ப்பில் அந்த வரியை விரலால் தொட்டுக் கேட்டாள்:
"இதுல கருதுனது யாரு சார்? பேரைக் காணுமே."

மூலத்தைப் புரட்டினேன். அங்கேயும் ஆள் இல்லை.
தமிழில் 'படும்' சேர்த்தது மட்டும் நான்.
எழுவாய் எங்கேயோ ஏசி அறைக்குள்.
படுகிறவள் மட்டும் எதிரே,
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு.

முப்பது நாளுக்குள் மனுப் போடலாம் என்றேன்.
எண்ணிப் பார்த்தேன், நான்கு நாள் பாக்கி.
அதைச் சொல்வது என் வேலையில் சேராது,
இருந்தும் சொன்னேன். ஒரு வக்கீலின் பெயரும் சொன்னேன்.
"நாளைக்கும் அறுப்பு இருக்கே" என்றாள்.
கூலியைக் கணக்குப் பார்க்கிற முகம்.
பிறகு நகலை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.

மேசை விளிம்பில் ஒற்றை நெல் கிடந்தது.
நகத்தால் கீறிப் பார்த்தேன்.
அரிசி இருந்தது.

மூன்று மணிக்கு அடுத்த கட்டு, இரண்டாம் பக்கம், அதே சொல்.
"போடவா சார்?" என்றான் மோசே.
இதுவரை அவன் கேட்டதே இல்லை.