ஒன்றா, இரண்டா

பம்பலப்பிட்டி, நாலாம் மாடி. ஏசி பழுது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், பிறகு கடல்.
இந்தப் பக்கம் திரையில் ஒரு பம்ப் மூடி.

வரைந்தபோது எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது:
துளை, படி, தவாளிப்பு, சரிவிளிம்பு.
கோப்பாக மாற்றி அனுப்பியதும்
பெயர்கள் உதிர்ந்துவிட்டன.
போய்ச் சேர்ந்தவை நாற்பத்தொரு முகங்கள்,
யாருக்குப் பக்கத்தில் யார் என்ற விபரத்தோடு.

இரத்மலானையில் இயந்திரம் கேட்கிறது:
எங்கே குடைய? எங்கே துளைக்க?
நான் வரைவது மிஞ்சுவதை.
அதற்குத் தெரியவேண்டியது போகவேண்டியதை.
நடுவில் நிற்கத்தான் எட்டு மாதமாக
இந்த நிரலை எழுதுகிறேன்.

உள்வாங்கிய உருளை என்றால் துளை.
எதிரெதிரே இரு சுவர், கீழே ஒரு தளம்
என்றால் தவாளிப்பு.
'அடையாளம் காணுதல்' என்று
ஆவணத்துக்குத் தலைப்புத் தட்டும்போது
விரல் கொஞ்சம் நின்றது.
இந்த ஊரில் அந்தச் சொல்லை
பையில் அட்டை கிடக்கிறதா என்று தடவாமல்
நான் எழுதியது அன்றைக்குத்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

மூடியின் குறுக்கே ஒரு தவாளிப்புத்தான் போட்டிருந்தேன்.
நடுவில் பெரிய துளையொன்று
அதை விழுங்கிக்கொண்டு இறங்குகிறது.
நிரல் சொன்னது: தவாளிப்பு, இரண்டு.

மூன்று இரவு.
ஒரே ஆழம், ஒரே அகலம், சுவர்கள் ஒரே கோட்டில் என்றால்
இடையில் வெறுமை வந்தாலும் ஒன்றென்று கொள்.
கொண்டது. பச்சை விழுந்தது.
ஒருவருமில்லாத அறையில் எழும்பி நின்று
கைதட்டினேன்.

காலையில் இஃப்ராஸின் குரல்பதிவு,
பின்னால் ஏதோ சுழலும் இரைச்சல்:
"மிஸ், ரெண்டையும் ஒண்டாக்கிட்டீங்களா?
அந்தத் துளைக்குள்ளாலதானே நான் போல்ட்டப் போட்டு
மூடிய மேசையோட இறுக்குறது.
கட்டர் நேராப் போய் போல்ட்டுல ஏறிட்டு.
எனக்கு ரெண்டுதான் வேணும்.
பழசு சரியாத்தான் இருந்திச்சி."

கீழே ஒரு படம்: பல் போன கட்டர்,
அளவுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி.

பிழை என்று நான் திருத்தியது
அங்கே பிழையாக இருக்கவில்லை.
ஒன்றாக நான் கண்டதும் பொய்யில்லை.
விதியை அழிக்க மனம் வரவில்லை.
அதற்கு மேல் ஒரு கேள்வி சேர்த்தேன்:
எங்கே பிடிப்பது?

பதில் எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு
எட்டு நாற்பது ரயிலுக்கு ஓடினேன்.
தெஹிவளை தாண்ட மழை பிடித்தது,
யன்னல் இறங்கவில்லை,
மடிக்கணினி பாதி நனைந்தது.
போனதும் முதலில் கேட்கவேண்டும்,
கட்டர் என்ன விலை என்று.