பின்னிருக்கை

வேலையில் என் வேகம் மணிக்கு இருபது.
தேவாலயத்திலிருந்து கல்லறைத் தோட்டம் வரை
பின்னால் நடந்து வருகிறவர்களின்
கால்களுக்கு ஏற்றபடிதான்
ஆக்சிலரேட்டரைத் தொடுவேன்.
பதினாறு வருடத்தில் ஒருவர்கூட
சீக்கிரம் போ என்று சொன்னதில்லை.

மாலையில் கறுப்புக் கோட்டைக் கழற்றி
ஆணியில் மாட்டிவிட்டு
என் பழைய இபிசாவில் ஏறினால்
மியெரெஸ் ஊரைத் தாண்டியதும்
மலை ஆரம்பிக்கும், வளைவுகள் ஆரம்பிக்கும்,
எனக்குள் இன்னொருத்தி ஆரம்பிப்பாள்.
பாவம், வண்டிக்குத்தான் மூச்சு வாங்கும்.
திருப்பத்தில் அது சாய்வதைப் பார்த்தால்
ஆப்பிள் மது ஏறிய பெரியப்பா
கல்யாணத்தில் ஆடுவது மாதிரி இருக்கும்.

தெல்வோ, என் தங்கை கணவன், மெக்கானிக்.
இதையே தேற்றிவிடலாம் என்கிறான்.
கணக்குப் போடத் தாள் தேடினேன்.
பையில் கிடைத்தது முந்தாநாள் மரண அறிவிப்பு:
செவெரினோ, வயது தொண்ணூற்றொன்று.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
கோபித்துக்கொள்ள மாட்டார்.

சஸ்பென்ஷன் தொள்ளாயிரம்.
பிரேக் முந்நூற்றைம்பது.
டயர் நான்கும் சேர்த்து நானூறு.
புதுப் புகைக்குழாய் சத்தத்துக்கு மட்டும்தான்,
வேகத்துக்கு இல்லை; அதை அவனே சொன்னான்.
அப்புறம் ஒரு பொறியாளரின் கையெழுத்து,
ஆய்வு நிலையத்தில் ஒரு முத்திரை,
அதற்காக எனக்கு ஒரு நாள் லீவு,
அன்றைக்கு யாரும் சாகாமல் இருக்க வேண்டும்.

எல்லாம் போட்டால் எப்படி இருக்கும் என்றேன்.
எல்லாம் போட்ட இபிசா மாதிரி இருக்கும் என்றான்.
பொய் சொல்லத் தெரியாதவன்.
அதனால்தான் அவன் கடை இன்னும்
ஒற்றைக் கதவுக் கடை.

தாளின் நடுவில் ஒரு கோடு கிழித்தேன்.
கோட்டுக்கு அந்தப் பக்கம் ஹிஹோன் நகரத்துச் சிவப்பு வண்டி:
இரண்டே இருக்கை, துணிக் கூரை,
ஏழாயிரத்து இருநூறு யூரோ.
விற்கிறவர் பல்பினோ, ஓய்வுபெற்ற பல் டாக்டர்.
அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்து எழ
இடுப்பு ஒத்துழைக்கவில்லையாம்.
கூரை ஒழுகுமா என்று கேட்டேன்.
மழை பெய்தால்தான் என்றார்.
எங்கள் அஸ்தூரியாஸில்
மழை எப்போது ஓய்ந்திருக்கிறது?

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தேன்.
முதல் வளைவில் பழக்கதோஷம்:
பிரேக்கை மெல்ல, மெல்ல,
உள்ளே ஏதோ நகர்ந்துவிடும் என்பது போல.
"யாரை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்?"
பல்பினோ சிரித்தார். என் தொழில் அவருக்குத் தெரியாது.
நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

பின்னால் ஒன்றுமில்லை.
இருக்கை இல்லை, பெட்டி இல்லை, மலர்வளையம் இல்லை.
ஒரு சின்ன ஜன்னல்.
அதில் ஈரச் சாலை மட்டும்
பின்வாங்கிக்கொண்டிருந்தது.

பதினாறு வருடமாக என் முதுகுக்குப் பின்னால்
எப்போதும் ஒருவர் படுத்திருக்கிறார்.
பேச மாட்டார். அவசரப்பட மாட்டார்.
இபிசாவிலும் சிக்னலில் நிற்கும்போதெல்லாம்
காலி இருக்கையை ஒரு முறை பார்த்துக்கொள்வேன்.
யாராவது இருப்பார்கள் என்று அல்ல.
சும்மா, ஒரு மரியாதைக்கு.

இரண்டாவது வளைவில்
பல் டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு
கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார்.
மூன்றாவதில் கண்ணை மூடினார்.
நான்காவது எனக்கே சரியாக நினைவில்லை.

வீட்டுக்கு வந்து தாளை விரித்தேன்.
வலப்பக்கம் காப்பீடு எழுதினேன், பெட்ரோல் எழுதினேன்,
ஒழுகல் என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.
கடைசியாக, பின்னால் யாரும் இல்லை என்று எழுதிவிட்டு
அதற்கு நேராக எந்த எண்ணைப் போடுவது என்று
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
அதற்குள் காபி ஆறிவிட்டது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஒரு வேலை இருக்கிறது,
ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மேட்டுத் தெரு,
இருபதுகூட அதிகம்.

தெல்வோவைக் கூப்பிட்டேன்.
சஸ்பென்ஷன் விலை குறைந்திருக்கிறது என்று
அவன் ஆரம்பிப்பதற்குள் கேட்டேன்:
உனக்குத் துணிக் கூரை தைக்கத் தெரியுமா?