இரண்டாவது அட்டை

கார்த்திகைப் புயல் போய் மூன்றாம் நாள்,
நீர்வேலி வாழைகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன.
உலர் உணவுப் பதிவுக்காக
சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கினேன்.
செம்மண் சேறு மட்கார்டுக்குள் அடைத்து,
பத்தடிக்கு ஒருதரம் நின்று தடியால் கிண்ட வேண்டியிருந்தது.

தயாநிதிக்கு ஓர் அட்டை இருக்கிறது.
தம்பி விமலேந்திரனுக்கு இன்னோர் அட்டை வேண்டுமாம்.
ஒரே வீடு.
நடுவே எழும்பிய கல்லுச் சுவர் வளை மட்டத்தோடு நின்றுவிட்டது;
சீமெந்து முடிந்ததோ கோபம் முடிந்ததோ தெரியாது.
அதற்கு மேலே காற்றும் இருமலும் பொது.
கிணறும் பொது.
காலை அண்ணனுக்கு, பின்னேரம் தம்பிக்கு என்று
சட்டத்தரணியின் கடிதம் ஒன்று உண்டு.

சுற்றறிக்கை சொல்கிறது:
ஓர் உலையில் ஆக்கி உண்போர் ஒரு குடும்பம்.
காணி உறுதியை, கலியாணப் பதிவை, இரத்தத்தை
ஒன்றையும் அது கேட்கவில்லை.
அடுப்பைப் பார்த்து எழுது என்கிறது.
அந்த வரியை எழுதிய கந்தோர்க்காரர்
எப்போதோ நன்றாகப் பசித்திருந்தவராக இருக்க வேண்டும்.

பார்த்தேன்.
இரண்டு அடுப்பு, இரண்டிலும் சூடு.
ஒன்றில் பருப்பு, மற்றதில் புயல் முறித்த குலையின் வாழைக்காய்.

இனி எழுத வேண்டியதுதான்.
சுகந்தி பக்கம்: கணவன், மனைவி,
மூன்றாம் வரியில் கபிஷன், வயது ஏழு, மகன்.
யோகமலர் பக்கம்: கணவன், மனைவி,
மூன்றாம் வரியில் கபிஷன், வயது ஏழு, மகன்.

"ஒரு பிள்ளை ரெண்டு அட்டையிலை நிக்கேலாது."

சுகந்திக்கு 'பிள்ளைகள் இல்லை' என்று
போன வருடம் எழுதியது இதே பேனைதான்.

சுவருக்கு மேலால் யோகமலர் சொன்னாள்:
"அக்கா எழுதினதை வெட்டாதேங்கோ, மிஸ்.
எனக்கு ஆஸ்பத்திரியிலை நைற் டியூட்டி.
அவன் அங்கைதான் படுக்கிறவன்."

சுவருக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அகப்பைச் சத்தம் மட்டும்.
பிறகு,
"பெத்தவளின்ரை பேர்தானே இருக்கோணும்.
என்ரையை வெட்டச் சொல்லுங்கோ, மிஸ்."

மூன்று வருடம் பேசாத இருவர்
என்னைத் தபாற்பெட்டி ஆக்கினார்கள்.

வாய்க்காலில் வாழைமடல் ஓடம் விட்டுக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டேன்.
"எங்கை சாப்பிடுறனீ?"
தலை நிமிர்த்தாமல் சொன்னான்:
"எங்கை முதல் அவியுதோ அங்கை."

அவன் சொன்னதை அப்படியே படிவத்தில் போட்டேன்.
கீழே என் முடிவு:
உலை ஒன்று. இரண்டாவது அட்டை மறுக்கப்படுகிறது.

அவர்களுக்குப் பத்துக் கிலோ அரிசி நட்டம்.
அதை நான் மறக்கவில்லை.
சட்டம் சரியாக இருக்கிற நாட்களில்
என் கை கொஞ்சம் கூசும்.

இரவு வீட்டில் அரைச் சுண்டு அரிசி போட்டேன்.
என் அட்டையில் ஒரே பெயர்.
குடும்பத் தலைவர்: நான்.
உலை கொதிக்கிற நேரம் பார்த்து
ஸ்காபரோவில் இருந்து தங்கச்சி எடுப்பாள்.
அவளுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும்.
"சாப்பிட்டியோ?"
"இன்னும் இல்லை, அவியுது."
"என்ன கறி?"
இதை எழுத எந்தப் படிவத்திலும் இடம் விடவில்லை.

அடுத்த கிழமை கோப்பாய்ச் செயலகத்துக்கு
என்மீது ஒரு முறைப்பாடு போயிருந்தது.
பக்கச்சார்பு, அகங்காரம்,
சேற்றுக்காலோடு குசினிக்குள் போனது.
மூன்றும் உண்மையாக இருக்கலாம்.
கையெழுத்து இரண்டு:
தயாநிதி. அவருக்குக் கீழே, அதே பேனையால், விமலேந்திரன்.
தாளின் மூலையில் மஞ்சள் விரல் அடையாளம்.
யாருடைய குசினியிலிருந்து எழுதினார்கள்,
மோந்து பார்த்தும் பிடிபடவில்லை.

விளக்கம் கேட்டார்கள்.
வேறொன்றும் எழுதாமல்
அந்த முறைப்பாட்டையே
கோவையில் ஆதாரமாக இணைத்தேன்.