பாதை

என்னைப் பிடித்தது பதினொரு மூட்டை யூரியாவுக்காக.
சங்கத்துக் களஞ்சியத்தில் இருப்பு நூற்று நாற்பது.
பேரேட்டில் நூற்று ஐம்பத்தொன்று.
கழித்தால் மிஞ்சுவது நான்.

மண்டூர்ப் பள்ளிக்கூட மைதானத்தில்
ஆம்பிளைகளை வரிசையில் விட்டார்கள்.
ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு நின்றது.
சாக்கில் இரண்டு ஓட்டை,
ஓட்டைக்குள் இரண்டு கண்.
கண்ணைப் பார்க்கப் பயம், கீழே பார்த்தேன்.
வலதுகால் பெருவிரலில் நகமில்லை.

அந்த நகம் போன நாள் எனக்குத் தெரியும்.
நெல்லு மூட்டை ஏற்றிய வண்டிச் சில்லு.
என் சால்வையைக் கிழித்து
நான்தான் கட்டுப் போட்டேன்.

சாக்கு ஒருமுறை ஆடிற்று.
மேலும் கீழுமாய்.

வாக்குமூலம் ஆறு பக்கம்.
முறுக்குப் பிழிந்தாற்போல் வட்டவட்டமாய் எழுத்து.
கையெழுத்து வை என்றார்கள்.
வாசிக்காத தாளில்
இருபது வருசமாய் ஒப்பம் வைக்காத கணக்கப்பிள்ளையின் கை.
மறுகா வைத்தது.
எப்படி வைத்தது என்று எழுதப்போவதில்லை.
மழைக்கு முதல்நாள்
சுண்டுவிரல் எனக்கு மட்டும் சொல்லும்.

மூன்று மாதத்துக்கு ஒருக்கால் தாள் வரும்:
பெயர், இலக்கம், இன்னும் மூன்று மாதம்.
வானொலிப் பெட்டிக்கு லைசென்ஸ் புதுப்பிப்பதுபோல
என்னைப் புதுப்பித்தார்கள்.
வழக்கில்லை, நீதவான் இல்லை.
தேங்காய் களவெடுத்த சிங்களப் பெடியன் ஒருத்தன்
கொஞ்சநாள் எங்களோடு கிடந்தான்.
சுவரில் கீறிய கோடுகளை
ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டு வந்தான்.
நான் கீறிக்கொண்டு போனேன்.
ஒரே சுவர்.

தில்லைநாயகி மூன்று தரம் பூசாவுக்கு வந்தாள்.
இரண்டு தரம் காட்டினார்கள்.
மூன்றாம் தரம் அப்படி ஆளே இல்லை என்றார்கள்.
இல்லாத ஆளுக்குக் கொண்டுவந்த பொதியை
வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
பின்னேரம் நாலு எள்ளுருண்டை உள்ளே வந்தது.
ஒவ்வொன்றிலும் அவளுடைய விரல் பதிந்திருந்தது.
மூன்றைத் தின்றேன்.
நாலாவதை எறும்பு தின்னும்வரை வைத்திருந்தேன்.

நாலு வருசமும் ஒரு மாதமும்.
ஒரு காலை, "போ" என்றான்.
அந்த ஒரு தமிழ்ச்சொல் அவனுக்குத் தெரிந்திருந்தது.
வீட்டில் சங்கத்துக் கடிதம் காத்திருந்தது:
பதினொரு மூட்டையின் பெறுமதி
சம்பள நிலுவையில் கழிக்கப்பட்டுள்ளது.
அவர்கள்தான் முதன்முதலாய்
எனக்கு ஒரு தீர்ப்பு எழுதியவர்கள்.

கொடுத்தாயா என்று நீங்களும் கேட்கலாம்.
அந்த மார்கழியில் களஞ்சியத் தகடு பறந்தது,
உள்ளே முழங்கால் வெள்ளம்.
யூரியா உப்புப்போலக் கரையும்.
அது உண்மை.
இரவில் கதவு தட்டுப்பட்டது, அதுவும் உண்மை.
தட்டினால் திறக்காமலிருக்க
அந்தக் காலம் ஆருக்கு ஏலும்?
தண்ணீருக்கு எத்தனை மூட்டை, கதவுக்கு எத்தனை
என்று எழுதப் பேரேட்டில் நிரலில்லை.
அடித்துக் கேட்டவர்களுக்கே சொல்லாததை
சும்மா கேட்கிற உங்களுக்கு ஏன்?

இன்று குருமண்வெளிக்குப் போகிறேன்.
எங்கள் ஊரில் பாதை என்றால் நடக்கிறதல்ல,
வாவியைக் கடக்கிற மிதவை.
நாலு தயிர்ச்சட்டி, இரண்டு மோட்டார் சைக்கிள்,
குடை பிடித்த ஒரு நேர்ஸ்.
எனக்கு நேரே செருப்பில்லாத கால்.
வலது பெருவிரல்.
நகம் பிறகும் முளைக்கவில்லை.

முகத்தைப் பார்க்கவில்லை நான்.
அவன் என் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்,
அது கோணலாய்க் கம்பியைப் பிடித்திருப்பதை.
நடு வாவி.
இறங்கிப்போக ஒருத்தருக்கும் இடமில்லை.

"மழை வரும்போல" என்றேன்.

தலை ஆடிற்று,
ஒருமுறை.