உயிரோடிருப்பதற்குச் சான்று

திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீஸில்
மூன்றாவது ஆளாக நிற்கிறேன்.
எனக்கு முன்னால் மதகு திறந்து மூடி
ரிட்டையரான ஒரு லஸ்கர்.
விரல் வைத்தார், உயிரோடிருந்தார், போகாமல்
ஓரமாக நின்று என்னையே பார்த்தார்.

என் விரலுக்கு ரேகை விழவில்லை.
கம்ப்யூட்டர் பெண் நிமிர்ந்தாள்.
"ஒங்கள நேத்துத்தானே தூக்குனாங்க,
ஒம்போது மணிக்கு?"

தூக்கினார்கள்தான்.
பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை பங்களாவில்
மார்ச்சிலேயே செத்துவிட்டேன்.
ஒளிபரப்பு நேற்று.

முப்பத்தெட்டாவது சாவு அது.
காசத்தில் பதினொன்று, மாடிப்படியில் நான்கு,
பிரசவத்தில் இரண்டு (அப்போது வயசிருந்தது),
மிச்சமெல்லாம் மகன் கொடுத்த அதிர்ச்சி.
ஒரு மகன் என்னைவிட ஆறு வயது மூத்தவன்.
அழுதுகொண்டே அவன் என்மேல் கவிழும்போது
நழுவும் விக்கைப் பிடித்துக்கொள்வேன்,
பிணமாய்க் கிடந்தபடி,
காமிராவுக்குத் தெரியாத கையால்.

செத்தபிறகு சட்டத்துக்குள் போவேன்.
சந்தன மாலை, சிவப்பு பல்பு.
அதன் முன்னால் நின்று மருமகள்கள்
நானூறு எபிசோடு அழுவார்கள்.
படத்துக்கு பேட்டா இல்லையா என்று
கேட்டேன் ஒருதரம்.
"படம் எங்கக்கா நடிக்குது?" என்றார் மேனேஜர்.

ஜூனில் மேட்டூரைத் திறந்தால்
எங்கள் வாய்க்காலுக்கு ஆடி கழிந்து வரும்,
வழியெல்லாம் குடித்ததுபோக.
என் செக்கும் அப்படித்தான் வந்தது.
சில வருஷம் வரவேயில்லை.

"பேரு?"
ஆதாரில் பக்கிரியம்மாள்.
போஸ்டரில் இரண்டு தடவை ரேணுகாஸ்ரீ.
மற்றதில் எல்லாம் மற்றும் பலர்.

"தலையில தேச்சிட்டு வைம்மா" என்றார் லஸ்கர்.
தேய்த்தேன். விழவில்லை.
கிளிசரின் துடைத்த விரல்,
ஐம்பது வருஷம் முகத்தை அழித்த விரல்.

"அப்ப கண்ணக் காட்டுங்க.
ஆடக் கூடாது. இமைக்கக் கூடாது."

இதற்கு ஒத்திகை தேவையா எனக்கு?
அதிர்ச்சியில் செத்தவள் கண்ணை
யாராவது வந்து மூடும்வரை
திறந்துதான் வைத்திருக்க வேண்டும்.
ஒருமுறை மூட வேண்டியவர்
வசனத்தை மறந்து தேடிக்கொண்டிருந்தார்.
விழியில் வந்து உட்கார்ந்த கொசுவோடு கிடந்தேன்.

பச்சை விளக்கு எரிந்தது.
உயிரோடிருக்கிறேன், அடுத்த ஏப்ரல் வரை.

சீட்டைக் கொடுத்த பெண் குரலைத் தாழ்த்தினாள்:
"சாவுறப்ப ஒரு மாம்பழக் கலர் பொடவ,
கம்பெனி குடுத்ததா, எங்க எடுத்தது?"

"எங்களுக்கெல்லாம் கம்பெனி குடுக்காதும்மா,
சொந்தப் பொடவதான்" என்று சொல்லிக்கொண்டே
குனிந்து பார்த்தேன்.
அதைத்தான் கட்டியிருந்தேன்.