தேதி இல்லாத நாளிதழ்

லின்வுட் தெருச் சலவைக்கடை.
மேலே துவைக்கும் எந்திரங்கள் தடதடக்க
நிலவறையில் நாங்கள் சைக்ளோஸ்டைல் சுற்றினோம்.
டெட்ராய்டில் மார்ச் மாதம், பனி சேறாகிக்கொண்டிருந்தது.
வார்ப்பாலை இரவுப்பணி முடித்து வந்த கைகள்;
ஸ்டென்சிலைத் தொடவிடுமுன்
வெர்டெல் மணல் போட்டுக் கழுவ வைப்பாள்.

அச்சிட்டது செய்தித்தாள்தான்.
விடுதலைக்கு மறுநாள் காலை வரவேண்டிய செய்தித்தாள்.

விடுதலை நாளை யாரும் எழுதிவிடலாம் என்றாள் க்ளியோத்தா,
கொடி, கூட்டம், கண்ணீர்.
மறுநாள் பால் யார் கொண்டுவருவார்?
அதை எழுது.

எழுதினோம்.
லின்வுட் பேருந்தில் இனிக் கட்டணம் இல்லை;
இன்றும் தாமதம்.
வார்ப்புத் தொடரின் வேகத்தை
அதன் முன்னால் நிற்பவர்களே கூடி முடிவு செய்தார்கள்;
கூட்டம் நாலு மணி நேரம், இருவர் கோபித்துக்கொண்டு வெளியேற்றம்.
உருக்கிய சிறைக்கதவுகள்
ஊஞ்சல் சங்கிலிகள் ஆயின என்று எழுதினான் ஆம்ப்ரோஸ்.
ரொம்ப இனிப்பு, என்று அடித்தாள் வெர்டெல்.
சாக்கடை மூடிகள் என்று திருத்தினோம்.
காணவில்லை: சாம்பல் நிறப் பூனை. பெயர் செனட்டர்.

இரங்கல் பகுதி என்னுடையது.
ஒரே ஒரு பெயர்.
போன வருடம் உருக்கிரும்பு கவிழ்ந்து செத்த
என் அண்ணன் டெல்மார்:
தொண்ணூற்றொன்றாம் வயதில், தூக்கத்தில்.
யாரும் அதைத் திருத்தவில்லை.

போலீஸ் செய்திக்கென்று எப்போதும் ஒதுக்கும் பத்தியில்
என்ன போடுவதென்றுதான் தெரியவில்லை.
இரவு முழுக்க அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
எங்கள் கற்பனைக்கும் ஒரு வேலி இருந்தது,
அதன் தூண்கள் எங்கள் பட்டறையிலேயே வார்த்தவை.
விடிகையில் க்ளியோத்தா அங்கே
பீச் பழக் கேக் செய்முறையைத் தட்டச்சினாள்:
பொங்க நேரமாகும்,
அடுப்பைத் திறந்து திறந்து பார்க்காதே.

தேதியில் சிக்கினோம்.
பத்து வருடம் என்றான் ஆம்ப்ரோஸ்.
வெர்டெல் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.
வெறும் கோடு போட்டு விட்டுவிட்டோம்.

ஆலை வாசலில் அறுநூறு பிரதிகள்.
பாதிக்கு மேல் சேற்றில் மிதிபட்டது.
மேஸ்திரி ஒன்றை எடுத்து நின்றபடி படித்துவிட்டு
கொஞ்சம் தாழ்ந்த குரலில்
பேருந்து விஷயம் உண்மையா என்று கேட்டான்.

அடுத்த வாரம்
கட்டணம் கொடுத்து ஏறிய அதே பேருந்தில்
இருக்கை இடுக்கில் மடிந்து கிடந்தது எங்கள் தாள்.
கோட்டின் மேல் யாரோ பென்சிலால்
ஒரு தேதி எழுதி,
அடித்து,
அதற்கும் முந்திய ஒன்றை எழுதியிருந்தார்கள்.

வரும் வியாழக்கிழமை.