சாக்குக்குக் கழிவில்லை

டிக்கோயா ஆஸ்பத்திரி, ஆறாம் கட்டில்.
முகமூடிக்குள் புகை. நெபுலைசர்
பெக்டரி ரோதை மாதிரி இரைகிறது.
பத்து நிமிஷத்தில் நெஞ்சு திறந்தது.
நெஞ்சு திறந்ததும்
கை நடுங்கத் தொடங்கியது.

பிளேன்டீ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தேன்.
பாதி சட்டைக்குப் போனது.
அட்டை கடித்தாலும் மழை அடித்தாலும்
ஆடாத விரல்கள் இவை.
இப்போது பெட்ஷீட்டில் துருத்திய ஒரு நூலைக்
கிள்ள முடியவில்லை.

பயப்படாதே என்று மிஸ்ஸி
தன் மொழியில் சொன்னாள். எனக்கு விளங்கியது.
கைக்கு விளங்கவில்லை.

மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றார் டொக்டர்.
செய்யட்டும். அதற்கு முழுப்பேர்.
எனக்குத்தான் இந்த மாதம் முழுக்க அரைப்பேர்.

போன தடவை பம்ப் கொடுத்தபோது
வாய் கொப்பளிக்கச் சொல்ல
யாருக்கும் நேரமில்லை.
கவாத்து வெட்டிய மரத்தில் பாசி ஏறுவதுபோல்
நாக்கில் வெள்ளை ஏறியது.
குரல் உள்ளே போய்விட்டது.
பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டபோது
காற்றுதான் வந்தது என் வாயிலிருந்து.
நின்றுகொண்டே நான் வராதவளானேன்.

இந்த முறை குளிசை. காலையில் எட்டு.
ராத்திரி இரண்டு மணிக்கு
இழுப்பு இல்லை, தூக்கமும் இல்லை,
பசி.

லயத்துப் பசியை எனக்குத் தெரியும்.
அது சுருண்டு படுக்கும்,
சாயத்தண்ணி ஊற்றினால் அடங்கும்.
இது குளிசைப் பசி.
எழுந்து நடக்கும்.
ஏழாம் கட்டில் குசுமாவதியின் லாச்சியைத் திறக்கும்.

நாலாவது பிஸ்கட்டில் நிமிர்ந்தேன்.
அவள் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள்.
அவளுக்கும் காலையில் எட்டு.
ஒன்றும் பேசாமல்
பக்கெட்டைக் கட்டில்களுக்கு நடுவில் வைத்தாள்.
கண்ணாடிக்கு வெளியே காசல்ரீ பக்கம்
ஒரே பனி.
இரண்டு பேரும் மென்றுகொண்டிருந்தோம்,
விடியுமட்டும், களவெடுத்த ஆடுகள்போல.

பதினோராம் நாள் தராசில் ஏற்றினார்கள்.
மூன்று கிலோ கூடியிருந்தேன்.
இறங்காமல் முள்ளையே பார்த்து நின்றேன்:
சாக்குக்கு இரண்டு, ஈரத்துக்கு ஒன்று
இப்போது கழிப்பார்கள்.
கழிக்கவில்லை.
மூன்றையும் என் பேரிலேயே எழுதினார்கள்.

துண்டில் எட்டு, ஆறு, நாலு என்று
குளிசை படியிறங்குகிறது.
சாப்பாட்டுக்குப் பிறகு என்று போட்டிருக்கிறதாம்.
எந்தச் சாப்பாட்டுக்கு என்று போடவில்லை.

கூட்டிப்போக மருதமுத்து வந்தார்.
வாசலிலேயே நின்றுவிட்டார்.
என் கன்னம் இரண்டும் உருண்டு பளபளத்தன.
கல்யாணப் படத்தில்கூட
எனக்கு இவ்வளவு முகம் கிடையாது.
"ஆஸ்பத்திரிச் சோறு ஒத்துக்கிச்சு போல,
நல்லா தேறிட்டியே" என்றார்.
அந்தச் சந்தோஷத்தைக்
கெடுக்க மனசு வரவில்லை.

திரீவீலர் வளைவுகளில் சாய்ந்து ஏறியது.
கையைப் பிடித்துக்கொண்டார்.
என் நடுக்கம் அவர் மணிக்கட்டுவரை போனது.

"குளிருதா?"

ஆமாம் என்றேன்.